இப்போது என்ன படிக்கிறீர்கள், ஆச்சி? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். நான் மதுரையில் பிறந்து தேவகோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். படிக்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. இங்கே வந்த பிறகும் விடாமல் படிக்கிறேன்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்த மாதம் படித்த புத்தகங்களை அடுக்கிப் படம் எடுத்து, எங்கள் உறவினர் வாட்ஸாப் குழுவில் போடுவேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பும் கொடுப்பேன். போன மாதம் ஐந்து புத்தகங்கள். சித்தப்பா முறையுள்ள ஒருவர், "படிக்கிறதை ஊருக்கெல்லாம் சொல்லணுமா? பெருமைக்குப் படிக்கிறதா?" என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நாம் படிப்பதை மற்றவர்களோடு பகிர்வது பெருமையடித்துக் கொள்வதா?

இன்னும் சில சந்தேகங்கள். ஒரே நேரத்தில் மூன்று புத்தகங்களைப் படிக்கிறேன், இது தவறா? போனில் படிப்பதைப் படிப்பு என்று சொல்லலாமா? துப்பறியும் நாவல்களும் படிக்கிறேன். அவற்றைப் பட்டியலில் சேர்க்கக் கூச்சமாக இருக்கிறது. என் மாமியாரும் ஒரு காலத்தில் நிறையப் படித்தவர்தானாம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சீரியலோடு நிறுத்திக்கொண்டார். அதனால் வீட்டில் புத்தகம் பற்றிப் பேச ஆள் இல்லை.

நீங்கள் இப்போது என்னென்ன படிக்கிறீர்கள்? ஒரு பட்டியல் கொடுத்தால் உதவியாக இருக்கும். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள மகளுக்கு,

உன் வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அதனால் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உன் கடிதம் வந்தபோது கோட்டையூர் ஏ.கே. செட்டியாரைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் தான் படித்ததை மற்றவர்களுக்கு எப்படிக் கொடுக்கவேண்டும் என்ற யோசனை அவரால்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நீயும் அதையே கேட்டுவிட்டாய்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். மூன்று புத்தகங்களைச் சேர்த்துப் படிப்பதில் ஒரு தவறும் இல்லை. போனில் படித்தாலும் படிப்புதான். துப்பறியும் கதைக்குக் கூச்சப்படுகிறாயா, அதுவும் தேவகோட்டையில் உட்கார்ந்துகொண்டு? தமிழ்வாணன் உன் ஊர்க்காரர் அம்மா. அவருடைய துப்பறிவாளர் சங்கர்லாலின் கதையை யார் முதலில் எடுப்பது என்று வாசகசாலையில் சண்டை போட்ட தலைமுறை எங்களுடையது. அந்தச் சண்டையில் பழகிய கைதான் பிறகு கனமான புத்தகங்களுக்கும் நீண்டது. கூச்சத்தை இன்றோடு விடு.

சித்தப்பாவையும் விட்டுவிடு. அவர் பேசிய தொனி தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பெண் நாலு புத்தகம் படித்தால் நம் வீடுகளில் யாராவது ஒருவர் அப்படித்தான் கேட்பார். என் காலத்திலும் கேட்டார்கள். பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினோம்.

ஆனால் கடிதத்தோடு நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு உன்னிடமும் இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்து அட்டைகள், பக்கத்தில் ஒரு பித்தளை விளக்கு, ஒரு காபி டம்ளர், கீழே நட்சத்திரங்கள். நம் பக்கத்துக் கல்யாணங்களில் சாமான் பரப்பி வைப்பார்களே, பார்த்திருப்பாய். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், பீங்கான் எல்லாம் வரிசை வரிசையாக இருக்கும். வந்தவர்கள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, எத்தனை குடம் எத்தனை தட்டு என்று பேசிக்கொண்டே பந்திக்குப் போவார்கள். அந்தப் பாத்திரத்தில் வைத்த குழம்பு எப்படி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள், அதில் இன்னும் யாரும் எதுவும் சமைக்கவில்லையே. உன் படத்திலும் எனக்கு எண்ணிக்கைதான் தெரிந்தது. அந்த ஐந்தில் எது உன்னைத் தூங்கவிடாமல் செய்தது? எதைப் பாதியில் மூடிவைத்து இரண்டு நாள் கழித்து எடுத்தாய்? எந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாய்? ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாவலுக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறாய். கணக்கு டீச்சர்தானே நீ, அந்த அரை எங்கே குறைந்தது என்று வழிமுறையைக் காட்டவேண்டாமா? உன் பிள்ளைகள் விடையை மட்டும் எழுதிக் கொடுத்தால் மார்க் போடுவாயா?

படித்ததைச் சொல்வது பெருமையா என்று கேட்டாய். எதைச் சொல்கிறாய் என்பதைப் பொறுத்தது.

உ.வே.சாமிநாதையர் 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த கதை உனக்குத் தெரிந்திருக்கும். 'என் சரித்திர'த்தில் இருக்கிறது. பழைய தமிழ் நூல்கள் எப்படி மீண்டு வந்தன என்பதற்கு எல்லோரும் அதைச் சொல்வார்கள். நான் இப்போது அதைத் திரும்பப் படித்தபோது, இரண்டு பேர் 'என்ன படித்திருக்கிறீர்கள்' என்று பேசிக்கொண்ட காட்சியாகத்தான் எனக்குத் தெரிந்தது. முதலியார் ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப். ஐயர் இளவயதுக் கல்லூரி ஆசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். ஐயர் அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். எவ்வளவு நீளமான பட்டியல்! முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் படித்ததில்லை. அப்புறம் முதலியார் என்ன செய்தார்? தன்னிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை எடுத்து ஐயர் கையில் கொடுத்தார். சேர்ந்து படிக்க அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐயர் படிக்கத் தொடங்கினார், புரியாத இடங்களில் தவித்தார், அது சமணக் காப்பியம் என்பதால் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் சிந்தாமணி அச்சாகி வந்தது.

அந்தச் சந்திப்புக் கதையில் ஒரு பட்டியலும் இருக்கிறது, ஒரு புத்தகமும் இருக்கிறது. பட்டியலைச் சொன்னவர் தமிழின் மிகப் பெரிய படிப்பாளிகளில் ஒருவராக ஆகப்போகிறவர். அவர் சொன்ன பட்டியலே வேலை செய்யவில்லை என்றால் உன்னுடையதும் என்னுடையதும் எந்த மூலைக்கு?

ஏ.கே. செட்டியாருக்கு வருகிறேன். காந்தியைப் பற்றி உலகம் முழுக்க அலைந்து படச்சுருள் தேடி, 1940-ல் ஆவணப்படம் எடுத்தவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பாய். அது பெரிய சாதனைதான். எனக்கு அவர் 1943-ல் தொடங்கிய 'குமரி மலர்' பத்திரிகைதான் இன்னும் பெரிதாகப் படுகிறது. பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடிப் படிப்பார். ஐம்பது வருஷம், நூறு வருஷம் முன்பு யாரோ எழுதி, எல்லோரும் மறந்துபோன ஒரு கட்டுரை கையில் கிடைக்கும். அதை அப்படியே எடுத்து 'குமரி மலரில்' அச்சிடுவார். நான் இதைப் படித்தேன், எவ்வளவு அருமை தெரியுமா என்று தலையை நீட்டமாட்டார். எழுதியவர் பேசுவார், செட்டியார் ஒதுங்கி நிற்பார். நூறாண்டுக்கு முந்திய பயணக் கட்டுரைகளை இப்படித் திரட்டி 1968-ல் 'தமிழ்நாடு' என்று ஒரு தொகுப்பும் போட்டார். மாட்டுவண்டியிலும் புதிதாக வந்த ரயிலிலும் போனவர்கள், சத்திரத்தில் என்ன கிடைத்தது, எந்த ஊரில் தண்ணீர் உப்பு என்று எழுதி வைத்தவர்கள், எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நான் இப்போது அதைத்தான் தினம் ஒரு கட்டுரையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வேகமாகப் படிக்க மனமில்லை.

யோசித்துப் பார், 'குமரி மலர்' என்பதே ஒரு மனிதர் 'நான் இப்போது இதைப் படிக்கிறேன்' என்று ஊருக்குச் சொன்னதுதான். அட்டையைக் காட்டவில்லை, உள்ளே இருந்த பக்கங்களையே எடுத்துக் கொடுத்தார்.

அதே கோட்டையூரில்தான் ரோஜா முத்தையாவும் பிறந்தார். சென்னையில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சிற்றிதழ் என்று நாற்பது வருஷம் சேர்த்தார். சொந்த ஊர் வீட்டிலேயே வைத்திருந்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஏறக்குறைய 1,00,000 உருப்படிகள். ஒரு சின்ன ஊர், இரண்டு பேர். ஒருவர் எதையும் வீசாமல் வைத்திருந்தார், இன்னொருவர் எடுத்து எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் இராயவரத்தில் பிறந்த 'சக்தி' வை. கோவிந்தன் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு அச்சடித்துக் கொடுத்தார். பதிப்புத் தொழிலில் சொத்தை இழந்தார். வட்டிக்கணக்கு எழுதிய ஊர்கள் என்று நம் செட்டிநாட்டைப் பற்றி லேசாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை. இவர்களைச் சேர்க்காமல் எழுதுகிற கணக்கு என்ன கணக்கு?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ மாதக் கடைசியில், எல்லாம் முடித்த பிறகு சொல்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. பாதியில் இருக்கும்போது சொல். முடித்த புத்தகத்தைப் பற்றி எல்லோரும் தீர்ப்புதான் சொல்வார்கள். பாதியில் இருப்பவளிடம்தான் ஆசை இருக்கும், சந்தேகம் இருக்கும். 'நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்கிறேன், இவள் அவனை நம்புவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வைக்கவும் முடியவில்லை' என்று எழுதிப் பார். அதே சித்தப்பா, 'ஏன், அவன் என்ன செய்தான்?' என்று கேட்பார். கேட்கவில்லை என்றால் வேறு யாராவது கேட்பார்கள். 'அவசியம் படியுங்கள்' என்று மட்டும் எழுதாதே. அதைப் பார்த்து யாரும் படித்ததில்லை. பிடித்த ஒரு பத்தியை உன் கையால் எழுதியோ தட்டச்சு செய்தோ போடு. அந்தப் பத்தி பிடித்தவர்கள் புத்தகத்துக்கு வருவார்கள். வராதவர்களுக்கு நீ ஒன்றும் செய்ய முடியாது. எழுதிப் பார்க்கும்போது இன்னொன்றும் நடக்கும். உனக்குப் பிடித்தது அந்தப் பத்திதானா, அல்லது புத்தகத்தைப் பற்றி மற்றவர்கள் சொன்னதுதானா என்பது உனக்கே தெரிந்துவிடும். எடுத்துப் போட ஒரு பத்திகூடக் கிடைக்காத புத்தகத்துக்கு நாலரை நட்சத்திரம் போட்டிருந்தால், அதைப் பற்றி நீதான் யோசிக்கவேண்டும்.

ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தார். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு நண்பர்களுக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்வார், திரும்பச் சொல்வார். 1939-ல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் விழாவைத் தொடங்கியபோது அவரைத்தான் தலைமைக்கு அழைத்தார். இன்றும் பங்குனியில் விழா நடக்கிறது, கடைசி நாள் கம்பர் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டைக்குப் போகிறது. கம்பராமாயணத்தின் பத்தாயிரம் பாட்டையும் படித்துவிட்டுத்தான் விழாவுக்கு வரவேண்டும் என்று சொல்லியிருந்தால் யார் வந்திருப்பார்கள்? ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன்.

'வீட்டில் புத்தகம் பற்றிப் பேச ஆள் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முந்திய வரியிலேயே ஒரு காலத்தில் நிறையப் படித்த மாமியார் இருக்கிறார். இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து எழுதும்போது உனக்கு உறுத்தவில்லையா? எங்கெங்கோ இருக்கிற உறவினர்களுக்கு அட்டைப்படம் அனுப்புகிறாய். வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மாமியாரிடம் நீ என்ன படிக்கிறாய் என்று சொன்னதுண்டா? அவர் என்னென்ன படித்தார் என்று கேட்டதுண்டா? 'படித்தவர்தானாம்' என்று எழுதியிருக்கிறாய். அந்த 'ஆம்' எனக்கு வலித்தது. யாரோ சொல்லித்தான் உனக்கே தெரிகிறது.

என் ஆயா, அம்மாவைப் பெற்றவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பள்ளத்தூர்ப் பக்கம் பெரிய வீடு. ஒரே வீட்டில் பல புள்ளிகள், அதாவது கல்யாணமான தனித்தனிக் குடும்பங்கள், ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அடுப்பு. வாரப் பத்திரிகை மட்டும் வீட்டுக்கு ஒன்றுதான் வரும். யார் முதலில் படிப்பது என்பதில் வருகிற சண்டை, பாகப்பிரிவினைச் சண்டையைவிடப் பெரிதாக இருக்கும். அதனால் ஆயா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பகல் சாப்பாடு முடிந்து அடுப்படி கழுவியானதும் எல்லாப் பெண்களும் வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில் உட்கார்ந்து கொட்டான் என்கிற ஓலைக்கூடை முடைவார்கள். ஒருத்தி மட்டும் வாசிக்கவேண்டும். வாசிப்பவளுக்கு ஓலை வேலை கிடையாது. அதனால் வாசிக்கவும் போட்டி இருந்தது.

என் சின்னாத்தா ஒருவர் நன்றாக வாசிப்பார். ஆனால் அவசரக்காரி. மலை, மழை, ஊர் வர்ணனை வந்தால் தாண்டிவிட்டுக் கதைக்குப் போய்விடுவார். ஆயா ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்: "என்னடி, தாளைச் சீக்கிரம் திருப்பிட்டே? அதுல என்ன போட்டிருக்கு?" எழுத்து தெரியாதவர், ஒரு பக்கம் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் காதால் தெரிந்து வைத்திருந்தார். சின்னாத்தா முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப்போய் அந்த மழையை வாசிப்பார். ஆயாவுக்குக் கதாநாயகனைவிட மழைதான் வேண்டும். எங்கள் பக்கம் மழை பெய்கிற அழகு உனக்கே தெரியும்.

வாசிப்பை யாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள். நடுவில் நிறுத்துவார்கள். அந்த மாமியார் செய்தது நியாயம்தான் என்று ஒரு மாமியார் சொல்வார், அதெப்படி என்று ஒரு மருமகள் கேட்பார். நேருக்கு நேர் கேட்க முடியாததை எல்லாம் கதையில் வரும் பெண்களை வைத்துக் கேட்டுக்கொள்வார்கள். ஒரு தடவை கதையில் ஒருத்தி கோபித்துக்கொண்டு பிறந்தகம் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க எங்கள் இரண்டாங்கட்டு இரண்டு கட்சியாக இருந்தது. அடுத்த இதழ் வந்த அன்று, பள்ளிக்கூடம் விட்டு நான் வருவதற்குள் வாசித்துவிட்டார்கள் என்று அழுதிருக்கிறேன். தொடர்கதை முடிந்ததும் தாள்களைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்து வைப்பார்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் வந்தால் அவற்றை எடுத்துப் படித்துவிட்டு, இவர்களோடு அவர்களும் ஒரு வாதம் செய்வார்கள்.

பிறகு ஆயா போனார். பாகம் பிரித்தபோது கரண்டி வரைக்கும் எண்ணிப் பிரித்தார்கள். அந்த பைண்டுகளை யாரும் கேட்கவில்லை. பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயிற்று. பித்தளை அண்டாவைக்கூட காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்துவிடலாம். எடைக்குப் போன தாளை எங்கே தேடுவது? இதை எழுதும்போது எனக்கு இன்னமும் கோபம் வருகிறது, பரவாயில்லை.

இதையெல்லாம் உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குக் கதை கேட்கத் தெரிந்தது அங்கேதான். வாசிப்பது தனியாகச் செய்கிற காரியம் என்பதே எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும்.

உன் மாமியாருக்கு இரண்டு காரியம் செய். முதலாவது, அவரைக் கண் டாக்டரிடம் திரும்ப அழைத்துப் போ. புரை ஆபரேஷனில் வைக்கிற லென்ஸ் பெரும்பாலும் தூரப் பார்வைக்கு ஏற்றதாக இருக்கும். டிவி தெரியும், எழுத்து தெரியாது. கிட்டத்தில் பார்க்கத் தனியாகக் கண்ணாடி போடவேண்டும். கட்டுப் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துப் பல பேர் அந்தக் கண்ணாடியை வாங்குவதே இல்லை. இன்னொன்றும் உண்டு. ஆபரேஷன் முடிந்து சில மாதமோ வருஷமோ கழித்து, லென்சுக்குப் பின்னால் உள்ள மெல்லிய சவ்வு மங்கிப்போகலாம். லேசர் வைத்துச் சில நிமிஷங்களில் அதைச் சரிசெய்துவிடுகிறார்கள், திரும்ப ஆபரேஷன் வேண்டியதில்லை. வேறு காரணமும் இருக்கலாம், அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். ஒரு படிப்பாளி படிப்பை நிறுத்தியிருக்கிறார், அந்த வீட்டில் ஒருவரும் ஏன் என்று பார்க்கவில்லை. சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கேட்கிறோமே, இதையும் கேட்கவேண்டாமா?

இரண்டாவது, அதுவரைக்கும் நீ வாசித்துக் காட்டு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, காபி குடித்த பிறகு கொஞ்ச நேரம் போதும். அவருடைய சீரியல் நேரத்தில் போய் நிற்காதே, வம்பாகிவிடும். விளக்கம் சொல்லாதே. அவர் உன்னைவிடப் பெரியவர், உன் மாணவி இல்லை. அவர் நடுவில் நிறுத்தி வேறு கதைக்குப் போனால் போகட்டும், புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது. தூங்கிவிட்டால் அந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்துவிட்டு எழுந்து வா. வர்ணனையைத் தாண்டாதே! எந்தப் புத்தகம் என்று கேட்பாய். நீ கூச்சப்படுகிற அந்தத் துப்பறியும் நாவலில் தொடங்கு. அத்தியாயம் சின்னதாக இருக்கும், மறுநாள் அவரே, 'என்னாச்சு, வாசிக்கலையா?' என்று கேட்பார். அப்புறம் பயணக் கட்டுரை. பர்மா, மலாயா, இலங்கை என்று பெயர் வந்தாலே நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல நூறு விஷயம் இருக்கும், நீ வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கவேண்டியிருக்கும். 'என் சரித்திர'மும் வாய்விட்டு வாசிக்க நன்றாக வரும், ஏனென்றால் அது ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர். முற்றுப்பெறாமல் நின்றுபோன புத்தகம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லையென்றால் கடைசியில் உன்னைத்தான் திட்டுவார்.

அவருக்குப் பிடிக்காமலும் போகலாம். 'எனக்கு எதுக்குத்தா இதெல்லாம்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஒரு வாரம் விட்டு வேறு புத்தகத்தோடு போ.

குழுவில் படம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. போடு. ஆனால் ஒரு மாதத்துக்காவது நான் சொன்னபடி செய்து பார்: ஒரே புத்தகம், எந்தப் பக்கத்தில் நிற்கிறாய், ஒரு பத்தி. உன் மாமியார் அந்தப் பத்தியைக் கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துப் போட்டால், குழுவில் பாதிப் பேர் அதற்காகவே படிப்பார்கள்.

பட்டியல் கேட்டாயே, மறக்கவில்லை. 'தமிழ்நாடு' தொகுப்பு, பகலில். 'என் சரித்திரம்', இரவில், எத்தனையாவது தடவை என்று நினைவில்லை. சோமலெயின் 'செட்டிநாடும் செந்தமிழும்' மேசையிலேயே கிடக்கிறது, ஏதாவது ஒரு பெயரைத் தேடி எடுப்பேன், தேடியதை மறந்துவிட்டு வேறெங்கோ படித்துக்கொண்டிருப்பேன். புதிதாக எழுதும் ஒரு பெண்ணின் சிறுகதைத் தொகுப்பும் பாதியில் நிற்கிறது. முதல் மூன்று கதைகள் மிக நன்றாக இருந்தன, நாலாவதில் எனக்கு அவரோடு சண்டை. அதை முடித்துவிட்டுத் தனியாக எழுதுவேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. உன் மாமியார் அந்தக் காலத்தில் என்னென்ன படித்தார் என்று உட்கார்ந்து கேட்டு, அவருக்கு ஞாபகம் வருகிற வரிசையிலேயே எழுதி அனுப்பு. பெயர் மறந்துபோயிருந்தால் கதையைச் சொல்லச் சொல், எந்தப் புத்தகம் என்று நான் கண்டுபிடித்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஆச்சி